கைக்கும் மட்டைக்கும் இடையே

ஒரு கருவியின் திறனை உலகம் அதன் முனையில் காண்கிறது. மண்வெட்டியில் தகட்டையும் உளியில் கூர்மையையும் எழுதுகோலில் முள்ளையுமே கண்கள் நோக்குகின்றன. ஆயினும் வேலை தொடங்கும் இடம் பிடியாகும். கையும் கருவியும் ஒன்றையொன்று தொடும் அவ்விடம் செம்மையாக இல்லையெனில், முனை எவ்வளவு சிறந்ததாக இருந்தும் பயனில்லை. வரிப்பந்தாட்டம் எனப்படும் டென்னிஸ் விளையாட்டின் மட்டைக்கும் இது பொருந்தும். வழக்கமான மட்டையின் நீளம் 27 அங்குலம். அதில் ஆடுபவரின் கை பற்றுவதோ நான்கு விரல் அகலமே.

சென்னையின் பழைய ஆடுகளம் ஒன்றில், ஆகஸ்டு மாத மாலைப்பொழுதில், பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி சோர்ந்து அமர்ந்திருந்தாள். மறுநாள் பள்ளிகளுக்கிடையேயான போட்டி. அவள் கையிலிருந்த மட்டை, வேலை கிடைத்து வெளியூர் சென்ற அண்ணன் விட்டுச் சென்றது. சில வாரங்களாகவே பந்தைத் தாக்கும் கணத்தில் அது கைக்குள் சற்றே திரும்பியது. கடற்காற்றின் ஈரமும் வியர்வையும் சேர்ந்து பிடியை வழுக்கின. வழுக்காதிருக்க அவள் இறுகப் பற்றினாள். இறுகப் பற்றியதால் முழங்கையின் வெளிப்புறத்தில் வலி தோன்றியது.

"என் கையில் வலு இல்லை. இந்த ஆட்டம் எனக்கு ஒத்து வராது. நாளையோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன்" என்று அவள் தோழியிடம் கூறினாள்.

அருகில் பந்துகளைக் கூடையில் சேர்த்துக்கொண்டிருந்த முதியவர் அதைக் கேட்டார். சிறுவனாகப் பந்து பொறுக்கும் வேலைக்கு வந்து, பின்னர் உறுப்பினர்களுக்கு எதிர்நின்று ஆடிப் பழக்கும் 'மார்க்கர்' ஆனவர் அவர். சென்னையின் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதியில் ஆடிய காலத்தை நினைவில் வைத்திருப்பவர்.

"மட்டையைக் கொடம்மா" என்று வாங்கிக் கைப்பிடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பின்பு அவளிடமே தந்து, "பிடித்துக்கொள். மோதிர விரலின் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே மற்றொரு கையின் சுட்டுவிரலை வைத்துப் பார்" என்றார். சுட்டுவிரல் அந்த இடைவெளியில் சரியாக அடங்கினால் பிடியின் அளவு பொருத்தம். நுழையாவிட்டால் பிடி சிறியது. அவளுக்கோ விரலை வைத்த பின்னும் இடம் மிஞ்சியது.

"தவறு உன் கையில் இல்லை. உறையைக் கழற்று" என்றார் முதியவர்.

மேல்முனையின் ஒட்டுநாடாவை உரித்து அவள் சுற்றைப் பிரித்தாள். அழுக்கேறிச் சாம்பல் நிறமான வெள்ளை உறை வந்தது. அதன் கீழே நீல உறை. அதற்கும் கீழே ஒரு கருப்பு உறை. பழையதைக் கழற்றச் சோம்பி, அதன் மேலேயே புதியதைச் சுற்றியிருக்கிறான் அண்ணன். 'ஓவர்கிரிப்' எனப்படும் மேலுறை மிக மெல்லியது. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனே உடையது. எனினும் சுற்றுக்குச் சுற்று விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், இரண்டு மேலுறைகள் சேர்ந்தால் கைப்பிடியின் சுற்றளவு ஓர் எண் அளவு, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கூடிவிடும்.

மூன்று உறைகளும் நீங்கியதும் அடியுறை தெரிந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்தாள். இதுநாள்வரை உருளையாகத் தோன்றிய கைப்பிடியில் எட்டு முகங்கள் இருந்தன!

"கண்ணால் பாராமலே மட்டையின் முகம் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கைக்குச் சொல்பவை இந்த விளிம்புகள்தாம். பந்து நரம்பைத் தொடும் நேரம் ஒரு நொடியில் இருநூற்றில் ஒரு பங்கு. அதற்குள் பார்த்துத் திருத்த முடியுமா? கையே அறிந்திருக்க வேண்டும்" என்றார் அவர்.

உலர்ந்த துணியால் அடியுறையைத் துடைக்கச் செய்து, தம் பையிலிருந்து புதிய மேலுறை ஒன்றை எடுத்துத் தந்தார். "நீங்களே சுற்றித் தாருங்கள், தாத்தா" என்றாள் அவள். "நான் சுற்றினால் என் கையின் இழுப்பு அதில் இருக்கும். உன் கையால் சுற்று" என்று மறுத்துவிட்டார்.

உறையின் குறுகிய முனையை அடிமுனையில் ஒட்டி ஒரு முழுச்சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் விளிம்பைச் சில மில்லிமீட்டர் மூடுமாறு சாய்வாக மேலேற வேண்டும். வலக்கையால் ஆடுபவருக்கு ஒரு திசை. இடக்கையால் ஆடுபவருக்கு அதற்கு எதிர்த்திசை. ஆடும்போது விளிம்பு எழும்பாதிருக்க இந்த முறை.

முதன்முறை அவள் தளர்வாகச் சுற்றினாள். உறையில் மடிப்புகள் விழுந்தன. அடுத்த முறை, அச்சத்தால் விளிம்புகளை அளவுக்கு மீறி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினாள். கைப்பிடியின் மேற்பகுதியை எட்டுமுன்னே உறை தீர்ந்துபோனது. முதியவர் குறுக்கிடவில்லை. "பிரித்துவிட்டு மறுபடி சுற்று. தொடக்கத்தில் எவ்வளவு இழுத்தாயோ, முடிவிலும் அவ்வளவே இழு" என்று மட்டும் சொன்னார். அந்தக் காலத்து மரமட்டையில் தோலுறையைச் சுற்றி, அதன் முனையைச் சிறு ஆணியால் அறைந்து பொருத்தியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அருகில் அமர்ந்திருந்தார்.

மூன்றாம் முறை சுற்றுகள் சீராக ஏறின. எஞ்சிய முனையைச் சாய்வாக வெட்டி ஒட்டுநாடாவால் இறுக்கினாள். மட்டையை ஓங்கி வெறுங்காற்றில் வீசினாள். எட்டு விளிம்புகளும் மென்மையாக உள்ளங்கையில் பதிந்தன. விரல்களைச் சற்றுத் தளர்த்திய பின்னும் மட்டை நழுவவில்லை.

"வலி ஒரே நாளில் போகாது. நாளைய ஆட்டம் முடிந்ததும் கைக்கு ஓய்வு கொடு. குறையாவிட்டால் மருத்துவரைப் பார்" என்று எச்சரித்துவிட்டு முதியவர் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் ஆட்டத்தில் அவள் தோற்றாள். எதிரே ஆடியவள் அவளைவிடத் தேர்ந்தவள். ஆனால் ஒருமுறைகூட மட்டை கைக்குள் திரும்பவில்லை. எந்தப் பந்தைத் தவறவிட்டோம், ஏன் தவறவிட்டோம் என்பதை அவளால் முதன்முறையாகத் தெளிவாகச் சொல்ல முடிந்தது. வழுக்கும் பிடி அதுவரை அவளிடமிருந்து மறைத்து வைத்திருந்தது அந்தத் தெளிவையே.

சில வாரங்கள் ஓய்வெடுத்த பின் அவள் மீண்டும் ஆடுகளத்திற்கு வந்தாள். புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி, "எனக்குக் கையே சரியில்லை, அக்கா" என்று கலங்கி நின்றாள். அவள் ஆறுதல் எதுவும் கூறவில்லை. "மட்டையைக் கொடு, பார்ப்போம்" என்று கை நீட்டினாள்.