ஊதுகுழல் ஊதிய அம்மா

ஏற்காட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அந்த அம்மாவின் வீடு. வயது 58. பீடி, சிகரெட்டைத் தொட்டவர் இல்லை. ஆனாலும் இரண்டு வருடங்களாக, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது பாதி ஏற்றத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். "மலை ஏறினா மூச்சு வாங்காதா? வயசாகுதில்ல" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொள்வார்.

மகனுக்கு மனசு கேட்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலத்துக்கு அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்தார். சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு கூடுதலாக இருந்தது. இதயமா, புற்றுநோயா என்று பயந்து, இரவு முழுக்க செல்போனில் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நுரையீரல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சி.ஆர்.பி., ஃபைப்ரினோஜென் இரண்டும் கல்லீரலில் உருவாகும் புரதங்கள். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். இவை கூடுதலாக உள்ளவர்களிடம் நுரையீரலின் திறன் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் காய்ச்சல், மூட்டு அழற்சி, உடல் பருமன் இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறத்தான் செய்யும். "ஊருக்குள்ள எங்கயோ புகையுதுன்னு இது சொல்லும். எந்த வீட்டுலன்னு சொல்லாது" என்றார்.

ரத்தத்தில் உள்ள புரதமே காரணத்தைக் காட்டிக்கொடுத்ததும் உண்டு. 1963-ல் ஸ்வீடனில் லாரெல், எரிக்ஸன் என்ற இருவர், ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் மிகவும் குறைந்திருந்த 5 பேரைக் கண்டார்கள். அவர்களில் 3 பேருக்கு நுரையீரல் நோய் இருந்தது. நுரையீரலைக் காக்கும் இந்தப் புரதம் பரம்பரையாகக் குறைந்தவர்களுக்கு இளம் வயதிலேயே பாதிப்பு வரலாம். ஆனால், இது அரிது.

"வீட்டுல எதுல சமைக்கிறீங்கம்மா?" என்று கேட்டார் மருத்துவர்.

"விறகடுப்புதான் சார். கேஸ் இருக்கு, டீ வைக்க மட்டும். குளிருக்கு ஜன்னலையும் சாத்திருவோம்."

பிறகு ஒரு கருவியைக் கொடுத்து, "நல்லா இழுத்து, வேகமா ஊதுங்க" என்றார். அம்மா சிரித்துவிட்டார். "நாப்பது வருசமா ஊதுகுழல் ஊதுறேன், இது பெரிய விஷயமா?"

ஊதியபோதுதான் தெரிந்தது. முழுதாக ஊதி வெளியேற்றும் காற்றில், முதல் ஒரு நொடியில் வந்தது குறைவு. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொன்னபோதும், அந்த விகிதம் 0.70-ஐத் தொடவில்லை. சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பது உறுதியானது. புகைக்காத பெண்களுக்கு இது வர, சமையலறைப் புகை ஒரு முக்கியக் காரணம்.

இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. மேலும் இழக்காமல் தடுக்கப் பார்க்கலாம். "பழக்கமாயிடும்" என்று பயந்த இன்ஹேலரை இப்போது தவறாமல் எடுத்துக்கொள்கிறார் அம்மா. சோறும் குழம்பும் கேஸுக்கு மாறிவிட்டன. வெந்நீர் அடுப்பை வீட்டுக்கு வெளியே போட்டு, பற்றவைக்கும் வேலையையும் மகனே எடுத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் அம்மாவோ பாட்டியோ படியேறும்போது நின்று மூச்சு வாங்குகிறார்களா? வயதின் மேல் பழியைப் போடாதீர்கள். ரத்தப் பரிசோதனையோடு நிறுத்தாமல், ஒருமுறை 'ஸ்பைரோமெட்ரி'யும் செய்து பாருங்கள். வலியில்லாத பரிசோதனை, ஊதினால் போதும்.