குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வேகமான கார்: பின் சீட்டிலிருந்து ஆரம்பிங்க

1/
வீட்ல ரெண்டு குழந்தைங்க. ஆனா மனசுக்குள்ள இன்னும் டர்போ சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. புதுசா வாங்க பட்ஜெட் இல்ல. செகண்ட் ஹேண்ட்ல, ஓட்டுறதுக்கு ஜாலியா ஒரு கார் தேடுறீங்க. இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். ஒரு டீயோட உட்காருங்க.

2/
நான் எலும்பு முறிவு மருத்துவன். ஊர் கோயம்புத்தூர். 2005ல ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் இந்த ஊரைச் சேர்ந்தவர். செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. இங்க வளர்ந்தவனுக்குக் கார் ஆசை வரலைன்னாத்தான் ஆச்சரியம்.

ஆனா அந்த ஆசையோட மறுபக்கத்தை எக்ஸ்ரேல பார்க்கிறதும் என் வேலைதான்.

3/
போன வருஷம் நாலு மாசம் கார் தேடினேன். மகளுக்கு ஆறு வயசு, மகனுக்கு ரெண்டு. தேட ஆரம்பிச்ச அன்னிக்கே மனைவி ஒரு கேள்வி கேட்டாங்க: "இந்தக் கார் உங்களுக்கா, நமக்கா?"

நியாயமான கேள்வி. 'ரெண்டும்தான்'னு சும்மா சொல்லிட முடியாது, நிரூபிக்கணும். அதனால தேடுற வரிசையையே மாத்தினேன். எல்லாரும் பானெட்டைத் திறந்து பார்ப்பாங்க. நான் முதல்ல பின் கதவைத் திறந்தேன்.

4/
ஏன்னு கொஞ்சம் மருத்துவமா சொல்றேன். குழந்தைங்கிறது சின்ன சைஸ் பெரியவங்க கிடையாது. பிறந்த குழந்தைக்குத் தலை மட்டுமே உடல் நீளத்துல கால் பங்கு. பெரியவங்களுக்கு எட்டுல ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய தலையைத் தாங்குற கழுத்தெலும்பு இன்னும் பாதி குருத்தெலும்பா இருக்கும், தசைநார்களும் தளர்வா இருக்கும்.

முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிற குழந்தையோட கார் மோதினா, பெல்ட் உடம்பைப் பிடிச்சுக்கும். தலை மட்டும் முன்னாடி போகும். இழுபடுறது கழுத்து.

5/
அதனாலதான் சின்னக் குழந்தைகளைக் காரோட பின்பக்கம் பார்த்த மாதிரி உட்கார வைக்கிற சைல்டு சீட். மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூணையும் சீட்டே மொத்தமா தாங்கிக்கும். அந்த சீட்டுக்குக் கம்பெனி போட்டிருக்கிற எடை, உயர வரம்பு வர்ற வரைக்கும் இப்படியே வைக்கலாம். ரெண்டு வயசு ஆச்சுன்னு அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. ஏர்பேக் வேலை செய்யுற முன் சீட்டுல இந்த சீட்டை எப்பவும் மாட்டக் கூடாது.

6/
இதைப் பார்த்துட்டு எங்கம்மா கேட்டாங்க: "ஏங்கண்ணு, புள்ளைய இப்படிக் கட்டி வெச்சா மூச்சு முட்டாதா? எம்மடியில குடு, நான் புடிச்சுக்கறேன்."

நான் கணக்கு சொன்னேன். 50 கிலோமீட்டர் வேகத்துல போற கார் மோதி அரை மீட்டருக்குள்ள நின்னா, உள்ள இருக்கிறவங்க மேல அவங்க எடையைப் போல சுமார் 20 மடங்கு விசை வரும். 10 கிலோ பேரன் அந்தக் கணத்துல 200 கிலோ. யாரோட கையும் தாங்காது. அம்மா ஒண்ணும் பேசல. இப்போ பேரனோட பெல்ட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் காரே ஏறுறாங்க.

7/
பெரிய குழந்தை? 'பெல்ட் போட்டாச்சே'ன்னு நிம்மதியா இருக்காதீங்க. நம்ம பெல்ட்டோட கீழ்ப்பட்டை இடுப்பெலும்போட மேட்டுல உட்காரணும். குழந்தைக்கு அந்த மேடு இன்னும் சரியா வளர்ந்திருக்காது. பட்டை வழுக்கி வயித்துக்கு ஏறிடும். மோதும்போது குடல் கிழியலாம், முதுகெலும்பு குறுக்கா பிளக்கலாம். 1948ல சான்ஸ்ங்கிற ஆங்கிலேய எக்ஸ்ரே மருத்துவர் விவரிச்ச முறிவு இது. அதனால இதுக்கு 'சான்ஸ் முறிவு'ன்னே பேர்.

8/
இதுக்குத் தீர்வு பூஸ்டர் சீட். குழந்தையைக் கொஞ்சம் உயர்த்தி, பெல்ட்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும். உயரம் சுமார் 145 சென்டிமீட்டர் ஆகுற வரை வேணும்.

எப்போ எடுக்கலாம்? முதுகு சீட்டோட ஒட்டணும். முழங்கால் சீட் விளிம்புல மடங்கணும். கீழ்ப்பட்டை தொடை மேல, மேல்பட்டை கழுத்துல உரசாம காறை எலும்பு மேல. நாலும் சரியா இருந்தாத்தான்.

சட்டமும் இருக்கு. 2019ல திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தையை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாம கூட்டிட்டுப் போனா 1000 ரூபாய் அபராதம்.

9/
இப்போ காருக்கு வருவோம். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது சைல்டு சீட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க. விற்கிறவர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவால்ல.

ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கான்னு விரலை விட்டுத் தேடுங்க. சீட்டை மாட்டுங்க. அப்புறம் முன் சீட்டுல உங்க வீட்லயே உயரமானவர் உட்காரணும். பின்பக்கம் பார்த்த சைல்டு சீட் நிறைய இடம் கேட்கும். காகிதத்துல ஐந்து பேர் காரா இருக்கிறது, இந்த ஒரு சீட்டை மாட்டினதும் மூணரை பேர் காரா மாறும்.

10/
அப்படிப் பார்த்ததுல:

போலோ ஜிடிஐ. 2016ல வந்தது, 1.8 லிட்டர் டர்போ, 192 பிஎஸ். பார்த்தாலே நெஞ்சு துடிக்கும். ஆனா மூணே கதவு. தூங்குற குழந்தையை முன் சீட்டை மடக்கி, குனிஞ்சு உள்ள வைக்கிறதை தினமும் ரெண்டு தடவை நினைச்சுப் பாருங்க. எலும்பு மருத்துவனா சொல்றேன், உங்க இடுப்பு தாங்காது.

போலோ ஜிடி டிஎஸ்ஐ. அஞ்சு கதவு, சுறுசுறுப்பு. ஒரு குழந்தை, அதுவும் பூஸ்டர் வயசுன்னா தாராளமா எடுக்கலாம். எங்களுக்கு சைல்டு சீட் மாட்டினதும் மனைவியோட முழங்கால் டேஷ்போர்டைத் தொட்டுடுச்சு.

11/
ஸ்லாவியா, வர்ட்டஸ் கார்கள்ல 1.5 டர்போ. 150 பிஎஸ். 2022ல வந்ததால இப்போ செகண்ட் ஹேண்ட்லயும் வருது. குளோபல் என்கேப் 2023 சோதனையில பெரியவங்களுக்கும் குழந்தைகளுக்கும் அஞ்சு நட்சத்திரம். நாலு பேர் குடும்பத்துக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான். எங்களுக்கு அம்மாவும் சேர்த்து அஞ்சு பேர். ரெண்டு சைல்டு சீட்டுக்கு நடுவுல ஒருத்தர் உட்காரணும். அங்கதான் அகலம் பத்தல.

12/
ஆக்டேவியா விஆர்எஸ். 2017ல வந்தது 230 பிஎஸ், 2020ல 245 பிஎஸ். இந்தியாவுல குறைஞ்ச எண்ணிக்கையிலதான் வித்தாங்க. டிக்கி 590 லிட்டர், ஸ்ட்ரோலர் மடிக்காமலே போகும் போல. ரெண்டு ஓரத்துலயும் சைல்டு சீட், நடுவுல மனைவி, முன்னாடி அம்மா. உட்கார முடிஞ்சது. நடுவுல தரை மேடா இருக்கு, அது உண்மை. மனைவி மூணு தடவை ஏறி இறங்கிப் பார்த்துட்டு, "வால்பாறை வரைக்கும் தாங்கும், சென்னை வரைக்கும்னா ரயில்"னு தீர்ப்பு சொன்னாங்க.

13/
செகண்ட் ஹேண்ட் வேகக் காருக்குன்னே சில சோதனைகள் இருக்கு. இதைச் சேமிச்சு வெச்சுக்கோங்க.

ஏர்பேக் விளக்கு: இக்னிஷன் போட்டதும் எரியணும், சில நொடியில அணையணும். அணையலைன்னா கோளாறு. எரியவே இல்லைன்னா இன்னும் மோசம். யாரோ மறைச்சிருக்கலாம். நான் பார்த்த ஒரு கார்ல எரியல. "பல்புதாங்க சார் போயிருக்கு"ன்னார் புரோக்கர். நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டேன். அந்தக் கார் ஒரு தடவை மோதி, ஏர்பேக் வெடிச்சு, திரும்ப மாட்டாம விட்டதா இருந்தா? அதுல என் மகளை ஏத்த முடியாது.

14/
சீட் பெல்ட்: நாலு பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுங்க. அலை அலையா நெளிஞ்சிருந்தா, நூல் பிரிஞ்சிருந்தா, அது ஒரு விபத்தைத் தாங்கின பெல்ட்டா இருக்கலாம்.

டயர்: பக்கவாட்டுல கடைசி நாலு எண்ணைப் படிங்க. 2319ன்னா 2019ஆம் வருஷம் 23வது வாரம். பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பர் கிழடாயிடும். நாலு டயரும் நாலு கம்பெனின்னா, அந்த ஓனர் மத்த விஷயத்துலயும் அப்படித்தான் இருந்திருப்பார்.

15/
கியர்பாக்ஸ்: பழைய போலோ ஜிடி, ஆக்டேவியா 1.8 போன்றவற்றுல வர்ற 7 கியர் டிஎஸ்ஜி உலர் கிளட்ச் வகை. அவிநாசி ரோடு நெரிசல்ல ஊர்ந்தே பழகின காரா இருந்தா நல்ல மெக்கானிக்கிட்ட காட்டாம வாங்காதீங்க. விஆர்எஸ் 230ல இருக்கிற 6 கியர், எண்ணெய்ல இயங்குற கிளட்ச். அதுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெய் மாத்தணும். பில் இருக்கான்னு கேளுங்க.

ரீமேப்: பவரை ஏத்தி ஓட்டிட்டு, விற்கும்போது பழையபடி மாத்திடுவாங்க. நேரடியா கேளுங்க, ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. நீங்க ரீமேப் பண்ணினா இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிடுங்க. மறைச்சா கிளெய்ம் சமயத்துல வினையாகும்.

16/
கடைசியா வாந்தி. ஆமா, கார் வாங்கும்போது யோசிக்க வேண்டிய விஷயம்தான். ரெண்டு வயசுல இருந்து பன்னிரண்டு வயசு வரை பயணக் குமட்டல் அதிகம். 'வளையுது'ன்னு உள்காது சொல்லும். 'ஒண்ணும் அசையல'ன்னு முன் சீட்டோட முதுகைப் பார்க்கிற கண் சொல்லும். ரெண்டுக்கும் சண்டை வந்தா தோற்கிறது வயிறு.

ஸ்போர்ட்ஸ் கார் சீட்ல ஹெட்ரெஸ்ட் ஒட்டின மாதிரி உயரமா இருக்கும், ஜன்னலும் சில கார்ல சின்னது. குழந்தையை உட்கார வெச்சுட்டு, நீங்க அந்த உயரத்துக்குக் குனிஞ்சு பாருங்க. ரோடு தெரியுதா?

17/
ஆனா இங்க ஒரு நல்ல செய்தி. குமட்டலைக் கிளப்புறது மெதுவா, தொட்டில் மாதிரி ஆடுற ஆட்டம். தளதளன்னு ஆடுற கார்ல அது அதிகம். நல்லா இறுக்கமா, ஆனா குழியில தூக்கிப்போடாம இருக்கிற சஸ்பென்ஷன் குழந்தைக்கும் நல்லது.

மீதி உங்க கையில. வளைவுக்கு முன்னாடியே பிரேக், ஒரே சீராத் திருப்பு, வெளிய வந்தப்புறம் மெதுவா ஆக்சிலரேட்டர். பந்தய ஓட்டுநருக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடமும் இதேதான்.

18/
ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. போன டிசம்பர்ல விஆர்எஸ்ல ஏறினோம். வேகம் 30, 35. அதுக்கு மேல அந்த ரோடும் விடாது, நானும் விடமாட்டேன். ஆனா ஒவ்வொரு வளைவுலயும் ரோடு ஸ்டீயரிங்ல தெரிஞ்சது. அவ்வளவு சந்தோஷமா சமீபத்துல நான் எதையும் ஓட்டினதில்ல. மகள் வளைவுகளை எண்ணிக்கிட்டே வந்தா, 26ல தூங்கிட்டா. மகனும் தூக்கம். யாரும் வாந்தி எடுக்கல.

230 பிஎஸ்ல அன்னிக்கு நான் பயன்படுத்தினது கால்வாசிகூட இருக்காது.

19/
என் தேடல்ல நான் கண்டுகிட்டது இவ்வளவுதான். குடும்பத்தோட ஓட்டுற காருக்கு 'ஜாலி'ங்கிறது 160ல கிடைக்கிறது இல்ல. 35லயே கிடைக்கணும். அது ஸ்டீயரிங்லயும் பிரேக்லயும் சஸ்பென்ஷன்லயும் இருக்கு. அப்படிப்பட்ட கார் 110 பிஎஸ்லயும் கிடைக்கும். முழு வேகம் பார்க்கணும்னு ஆசையா இருந்தா, டிராக் இருக்கு. ஹெல்மெட் போட்டுக்கிட்டு தனியா போங்க.

20/
இந்த வாரக் கடைசியில கார் பார்க்கப் போறவங்க சைல்டு சீட்டை மறக்காதீங்க. குழந்தையையும் கூட்டிட்டுப் போங்க. பின் சீட்டுல அவங்களை உட்கார வெச்சு, பெல்ட்டைப் போட்டுட்டு, "நல்லா இருக்கா கண்ணு?"ன்னு கேளுங்க. பதில் வந்தப்புறம் பானெட்டைத் திறக்கலாம்.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. காரைப் பத்தியும் கேட்கலாம், எலும்பைப் பத்தியும் கேட்கலாம்.