எஸ்.எல்.ஆருக்கு எந்த ஸ்கோப்?

பப்ஜியில் தரையில் ஒரு 8எக்ஸ் ஸ்கோப் கிடந்தால் போதும், கையில் என்ன துவக்கு இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் பாய்ந்து எடுப்பவர்கள்தான் கூட. பெரிதாகத் தெரிந்தால் குறி தப்பாது என்ற நினைப்பு. எங்கட ஸ்குவாட்டில் நாலு பேருக்கும் இதில் ஒரே கொள்கை. செமி ஓட்டோ துவக்கு என்றால் 4எக்ஸ். அது கிடைக்காவிட்டால் 6எக்ஸை எடுத்து 3க்குக் குறைத்து வைப்பது. 8எக்ஸ், போல்ட் இழுத்துச் சுடுகிற ஸ்னைப்பர்காரனுக்கு.

காரணம் சிம்பிள். போல்ட் துவக்கில் ஒரு வெடி வைத்தால் அடுத்த சன்னம் ஏற நேரம் எடுக்கும், அதற்குள் ஆட்டம் நின்றுவிடும். எஸ்.கே.எஸ், எஸ்.எல்.ஆர், மினி 14 எல்லாம் அப்படியில்லை. ஒரு தட்டுக்கு ஒரு வெடி, விரல் போகிற வேகத்துக்குத் தட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு வெடிக்கும் துவக்கு மேலே உதைக்கும். ஆளைப் பெருப்பிக்கிற ஸ்கோப் அந்த உதையையும் பெருப்பித்துத்தான் காட்டும். முதல் வெடி பட்டிருக்கும், ஆனா ஆள் எங்க? வட்டத்துக்குள் வானம்தான் தெரியும். 4எக்ஸில் ஆள் சின்னன்தான், ஆனால் வெடிக்குப் பிறகும் வட்டத்துக்குள்ளேயே நிற்பான். பக்கத்து மரத்துக்கு ஓடுகிற அவனுடைய கூட்டாளியும் தெரிவான். போன் திரையில் விளையாடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

மூன்று துவக்கும் ஒரே மாதிரியும் இல்லை. மினி 14க்கு 5.56 சன்னம், உதை குறைவு, 6எக்ஸை முழுசாகவே தாங்கும். எஸ்.கே.எஸ் நல்லா உதைக்கும், ஆனால் முன்னுக்குக் கைப்பிடியும் பின்னுக்குச் சீக் பாட்டும் போட்டு அடக்கலாம். எஸ்.எல்.ஆருக்குக் கைப்பிடி ஏறாது. அடி மட்டும் மற்ற இரண்டையும் விடக் கூட. அதுக்கு 4எக்ஸுக்கு மேல் வேண்டாம் என்பது எங்கட கட்சி. பொச்சின்கி வீடுகளுக்குள் இறங்கிவிட்டால் 4எக்ஸும் தேவையில்லை, ரெட் டொட் காணும். வி.எஸ்.எஸ்ஸுக்கு ஸ்கோப் கூடவே பிறந்தது, அதில் தலையிடி இல்லை.

இன்னொன்று. ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் சென்சிற்றிவிற்றியைத் தனித்தனியாக வைக்கலாம். யூடியூப்பில் ஆரோ சொன்ன இலக்கத்தை அப்படியே போடுவதில் பிரயோசனமில்லை. அவருடைய போன் வேற, விரல் வேற. ட்ரெயினிங் மைதானத்தில் அரை மணித்தியாலம் சுவருக்குச் சுட்டுப் பார்த்து வைக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் நாங்கள் மெதுவாகக் கதைப்பதில்லை. மைக் போட்டால் கத்துத்தான். ஓர் இரவு எங்களில் ஒருவன், “எஸ்.எல்.ஆர் எடுத்திட்டன், 4எக்ஸ் ஆரிட்ட இருக்கு?” என்று கத்த, அவனுடைய அப்பா வந்து கதவடியில் நின்றிருக்கிறார். மற்ற மூன்று பேருக்கும் மைக்கில் கேட்கிறது.

“என்ன எடுத்தனி?”

“எஸ்.எல்.ஆர். கேம் அப்பா.”

“அதுக்கு ஸ்கோப் எங்கால? அது சும்மா இரும்புக் குறியோடதானே வரும்.”

நிப்பாட்டச் சொல்லவில்லை. குனிந்து திரையைப் பார்த்திருக்கிறார் போல. “பத்துத்தானா போகுது? இருபதெல்லோ” என்றார். பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஏகே மாதிரிப் பொரியாது. ஒவ்வொண்டா விழும். அடுத்தது எப்ப எண்டு எண்ணிக்கொண்டு படுத்திருப்பம்.” அவ்வளவுதான், போய்விட்டார். அந்த மட்ச்சில் பிறகு ஒருத்தரும் பெரிதாகக் கதைக்கவில்லை.

அடுத்த நாள் தேடிப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. எஸ்.எல்.ஆர், பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல் துவக்கை வைத்துப் பிரித்தானியா செய்தது. இலங்கை இராணுவமும் பாவித்தது. மகசீனுக்கு 20 சன்னம். கேமில் 10, நீட்டு மகசீன் போட்டால்தான் 20. உண்மையில் பத்து பிடிக்கிறது சோவியத்தின் எஸ்.கே.எஸ். கேமில் இரண்டும் ஒரே 7.62 பெட்டியில் தின்னும். நிஜத்தில் எஸ்.கே.எஸ் சன்னத்தின் கோது 39 மில்லிமீற்றர் நீளம், எஸ்.எல்.ஆருக்கு 51. ஒன்றினது மற்றதுக்குள் போகாது. ஸ்கோப் அறவே இல்லை என்றும் சொல்ல ஏலாது. பிரித்தானியப் படை வட அயர்லாந்தில் அதுக்கு ‘சூட்’ என்றொரு ஸ்கோப் பூட்டிப் பாவித்தது. 4 மடங்கு! எங்கட கொள்கைக்கு அங்கேயும் ஓர் ஆதரவு. ஆனால் அவருக்கு அதைப் போய்ச் சொல்ல எங்களில் ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.

2009இல் எங்களுக்கு ஐந்து, ஆறு வயது. துவக்குகளின் பெயர்கள் எங்களுக்குப் போனில் இருந்துதான் வந்தன, ஸ்கோப்புக்கு இந்தப் பக்கம் இருந்து. அப்பா ஆக்களுக்கு அவை காதால் வந்தன, மற்றப் பக்கம் இருந்து. இருட்டில், நிலத்தோடு படுத்தபடி. அதனால் நாங்கள் விளையாட்டை விட வேண்டும் என்று சொல்ல வரவில்லை, விடவும் இல்லை. ‘போர் தெரியாத பிள்ளையள்’ என்று எங்களைப் பற்றி எழுதுகிறவர்களைவிட, குனிந்து மகசீனை எண்ணிப் பார்த்த அந்த மனுசனோடு கதைப்பது எங்களுக்கு லேசாக இருக்கிறது.

ஆனால் அவனுடைய மகன் இப்போது எஸ்.எல்.ஆர் எடுப்பதில்லை. மினி 14தான் தூக்குவான், 6எக்ஸோடு. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. எஸ்.எல்.ஆர் கிடந்தால் மப்பில் மார்க் போட்டுவிட்டுப் போவான், எங்களில் ஒருத்தர் போய் எடுப்போம். தன்னிடம் 4எக்ஸ் இருந்தால் அதையும் பக்கத்தில் போட்டு வைத்திருப்பான்.