இருபத்தாறும் இருபத்தொன்பதும்

2012 ஆகஸ்டு 12. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள ஹாட்லீ பண்ணையில், இலண்டன் ஒலிம்பிக்கின் ஆடவர் மலை மிதிவண்டிப் போட்டி முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. பாறைச் சரிவுகளிலும் புல்மேடுகளிலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓட்டிய பின்னரும் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவியையும் சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டரையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இறுதிச் சுற்றின் கடைசிப் பகுதியில் குல்ஹாவி முந்தினார். தங்கத்திற்கும் வெள்ளிக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு நொடி. (மூன்றாவதாக வந்த இத்தாலியர் மார்கோ ஃபொன்டானா இறுதிச் சுற்றில் இருக்கையையே இழந்து, நின்றபடி ஓட்டி வெண்கலம் பெற்றார் என்பது அந்நாளின் மற்றொரு வியப்பு.)

குல்ஹாவியின் வண்டியில் 29 இஞ்சுச் சக்கரங்கள். ஷூர்ட்டரின் வண்டியில் 27.5 இஞ்சுச் சக்கரங்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், பெய்ஜிங்கில் பிரான்சின் ஜூலியன் அப்சலோன் தங்கம் வென்றபோது ஓட்டியதோ 26 இஞ்சு. பெரிய சக்கரமே வென்றது என்று விளம்பரம் எழுதுவோருக்கு அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. ஆனால், குல்ஹாவியின் வண்டியில் முன்னும் பின்னும் அதிர்வுதாங்கிகள் இருந்தன. ஷூர்ட்டரின் வண்டியில் பின்புறம் அது இல்லை. குல்ஹாவி நெடிய உருவினர். ஷூர்ட்டர் அவரினும் குட்டையானவர். சக்கரம், அதிர்வுதாங்கி, உடல், அன்றைய உடல்நிலை எனப் பலவும் சேர்ந்து ஈட்டிய ஒரு நொடியைச் சக்கரத்தின் கணக்கில் மட்டும் வரவு வைப்பது எவ்வாறு பொருந்தும்?

செய்தித்தாள் போட்ட சிறுவர்களின் சக்கரம்

26 இஞ்சு என்னும் அளவு மலைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அன்று. அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் 1933இல் பருத்த, காற்றழுத்தம் குறைந்த ‘பலூன்’ டயர்களைச் சிறுவர் மிதிவண்டிகளில் பொருத்தி விற்கத் தொடங்கியது. வீடு வீடாகச் செய்தித்தாள் போடும் சிறுவர்கள் அவ்வண்டிகளை முரட்டுத்தனமாகக் கையாண்டனர், வண்டிகளும் தாங்கின. நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்து இளைஞர்கள் சிலர் பழைய பொருட்குவியல்களிலிருந்து அவ்வண்டிகளை மீட்டெடுத்தனர். டமால்பையஸ் மலையிலும் அதைச் சூழ்ந்த குன்றுகளிலும் தீயணைப்புக்காக வெட்டப்பட்டிருந்த மண்பாதைகளே அவர்களின் விளையாட்டுக்களம்.

ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊரை ஒட்டிய அத்தகைய பாதை ஒன்றில் 1976 அக்டோபர் 21 அன்று முதல் போட்டி நடந்தது. ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குள் 400 மீட்டர் இறங்கும் பாதை அது. அன்றைய வண்டிகளில் பிரேக், பின்சக்கரத்தின் ஹப்பினுள் இருந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் ஹப் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். மறுமுறை ஓட்டுவதற்கு முன் புதுக் கிரீஸ் திணிக்க வேண்டும். அதனால் அப்பாதைக்கு ‘மீண்டும் திணித்தல்’ என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 நொடிகளில் இறங்கியது அங்குப் பதிவான மிகச் சிறந்த நேரம். ஜோ பிரீஸ் அதற்கு இரண்டு நொடிகள் பிந்தினார். இந்த பிரீஸ்தான் 1977இல் இத்தகைய ஓட்டத்திற்கென்றே புதிதாக ஒரு வண்டியை வடிவமைத்துக் கட்டியவர். சட்டம் புதிது, பாகங்கள் பல புதியவை, சக்கரம் மட்டும் பழைய 26 இஞ்சு. பருத்த டயர் அந்த அளவில்தான் கிடைத்தது என்பதே காரணம்.

வேறு வழி தெரியாமலில்லை. இங்கிலாந்தில் ஜெஃப் ஆப்ஸ் என்பவர் ஏறத்தாழ அதே காலத்தில், பின்லாந்தில் பனிச்சாலைகளுக்கெனச் செய்யப்பட்ட பெரிய டயர்களை வைத்து வண்டிகள் கட்டினார். அவற்றுள் சிலவற்றைக் கடல்கடந்து ஃபிஷருக்கும் அவருடைய நண்பர் சார்லி கெல்லிக்கும் அனுப்பியும் வைத்தார். டயர்கள் சீராகக் கிடைக்காததால் அம்முயற்சி அப்போதைக்கு வளரவில்லை. 1981இல் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்னும் வண்டி பெருமளவில் உற்பத்தியாகி விற்பனைக்கு வந்தபோது அதிலும் 26 இஞ்சுச் சக்கரங்களே இருந்தன. அதன்பின் ரிம், டியூப், டயர், முன்ஃபோர்க் என அனைத்தும் அந்த அளவைச் சுற்றியே உருவாகின. முப்பது ஆண்டுகளுக்கு உலகம் முழுவதும் மலை மிதிவண்டி என்றால் 26 இஞ்சு என்றாயிற்று. கைக்குக் கிடைத்தது வழக்கமாகி, வழக்கம் விதியாகிவிட்ட கதை இது.

பெயரும் அளவும்

இஞ்சுக் கணக்கில் வழங்கும் இப்பெயர்கள் ஏமாற்றக்கூடியவை. டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டமே உண்மையான அளவு. மலை மிதிவண்டியின் 26 இஞ்சுச் சக்கரத்தில் அது 559 மில்லிமீட்டர், 27.5 இஞ்சில் 584. 29 இஞ்சில் 622. இருபத்தாறுக்கும் இருபத்தொன்பதுக்கும் சரிநடுவே இருபத்தேழரை நிற்பதாகப் பெயர் சொல்கிறது. ரிம்களின் அளவோ, அது இருபத்தாறுக்கே நெருக்கமானது எனக் காட்டுகிறது. 27.5 என்பது பிரான்சில் சுற்றுலா மிதிவண்டிகளுக்குப் பயன்பட்ட பழைய அளவு. 29 என்பதோ சாலைப் பந்தய மிதிவண்டியின் அதே ரிம்மில் பருத்த டயரை ஏற்றியது. இரண்டுமே புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. 26 என்ற பெயரிலும் குழப்பம் உண்டு. சாதாரண மிதிவண்டிகளில் வரும் ஒன்றேமுக்கால் அரைக்கால் (1⅞) அன்று, ஒன்றரைக்கும் சற்றுக் குறைந்த (1⅜) இஞ்சு அகல டயரின் 26 இஞ்சு ரிம் 590 மில்லிமீட்டர். மலை மிதிவண்டியின் 26 இஞ்சு டயர் அதில் ஏறாது.

கல்லைக் கடக்கும் கோணம்

பெரிய சக்கரம் தடைகளை எளிதில் கடக்கும் என்பது புதிய செய்தியன்று. ஆளின் மார்பளவு உயர்ந்த மாட்டுவண்டிச் சக்கரம், பள்ளமும் மேடுமான வண்டிப்பாதையில் உருண்டதைக் கண்டவர்கள் அதை அறிவார்கள். எவ்வளவு எளிது என்பதுதான் கேள்வி.

டயரையும் சேர்த்து அளந்தால் 26 இஞ்சுச் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 33.5 சென்டிமீட்டர்; 29 இஞ்சில் 36.6. பாதையில் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள கல் ஒன்று நிற்கிறது எனக் கொள்ளலாம். அச்சிலிருந்து தரைக்கு நேர்க்கோடு ஒன்றும், கல்லின் விளிம்பைத் தொடும் இடத்திற்கு மற்றொரு கோடும் வரைந்தால் அவற்றிடையே உள்ள கோணமே சக்கரம் கல்லை எதிர்கொள்ளும் கோணம். கல்லின் உயரத்தை ஆரத்தால் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் அக்கோணத்தின் கொசைன் மதிப்பு கிடைக்கும். 26 இஞ்சுக்கு அக்கோணம் ஏறத்தாழ 45.5 பாகை, 29 இஞ்சுக்கு 43.4 பாகை. வேறுபாடு இரண்டு பாகை மட்டுமே. சக்கரத்தை நெகிழாத வளையமாகக் கருதினால், கல்லின்மேல் மெதுவாக ஏற அச்சில் கிடைமட்டமாகத் தள்ளவேண்டிய விசை ஏறத்தாழ 7 விழுக்காடு குறைகிறது.

ஏழு விழுக்காடு என்பது மலையைப் பெயர்க்கும் எண்ணன்று, புறந்தள்ளக்கூடியதும் அன்று. ஒரு கல்லில் அது தெரியாது. வேரும் கல்லுமாக நிறைந்த பாதையில், ஆயிரக்கணக்கான மோதல்களில், ஓட்டுநரின் கைகளும் தோள்களும் அதை உணரும். எனினும் டயரின் அகலத்தையும் காற்றழுத்தத்தையும் மாற்றுவதால் விளையும் வேறுபாடு பல வேளைகளில் இதனினும் பெரிது. சக்கர அளவைப் பற்றி ஓயாது வாதிடுவோர் பலர், காற்றழுத்தத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர்!

பெரிய சக்கரத்திற்கு எதிராக வழங்கும் வாதமும் பாதியளவே சரி. நிலைமத் திருப்புத்திறன் ஆரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், பெரிய சக்கரத்தை விரைவுபடுத்துவது மிகக் கடினம் என்பர். அவர்கள் மறப்பது ஒன்று உண்டு. ஒரே வேகத்தில் செல்லும்போது பெரிய சக்கரம் மெதுவாகச் சுழல்கிறது. சக்கரத்தின் நிறை முழுவதும் விளிம்பில் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், இயக்க ஆற்றலில் ஆரம் நீங்கிவிடுகிறது. நிறை மட்டுமே எஞ்சுகிறது. சுற்றளவு 9 விழுக்காடு கூடுவதால் நிறையும் ஏறத்தாழ அவ்வளவு கூடும், சுமை அவ்வளவே. ஆனால், கோண உந்தத்தில் நிறையும் ஆரமும் இரண்டும் நிற்கின்றன. எனவே அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. வளைவுகளில் வண்டியைச் சட்டென்று சாய்த்துத் திருப்ப முயலும்போது பெரிய சக்கரம் சற்றுப் பிடிவாதம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். நீண்ட ஆரைக்கால்களால் பக்கவாட்டு உறுதி குறைவதும், ஒவ்வொரு மிதிக்கும் வண்டி கூடுதல் தொலைவு செல்வதால் ஏற்றத்தில் இன்னும் இலகுவான கியர் தேவைப்படுவதும் ஏனைய விலைகள்.

உடலுக்கேற்ற சக்கரம்

1870களில் முன்சக்கரம் மிகப் பெரிதான உயர்மிதிவண்டிகள் ஓடின. மிதிகட்டை நேரே முன்சக்கரத்தில் இருந்ததால், ஓட்டுபவரின் கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய சக்கரம் அவருக்கு. மனிதரை அளந்து சக்கரம் விற்ற காலம் அது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ‘ரோவர்’ வண்டி, சங்கிலியின் துணையால் அந்தத் தளையை அறுத்தது. அதன்பின் சட்டத்தின் உயரம் ஆளுக்கேற்ப மாறியது, சக்கரம் பொதுவாயிற்று.

29 இஞ்சுச் சக்கரம் பழைய கேள்வியை மீண்டும் எழுப்பியது. 1999இல் அந்த அளவில் முழுமையான மலைப்பாதை டயர் ஒன்று விற்பனைக்கு வந்தபின், கேரி ஃபிஷர் அதை ஊக்கத்துடன் பரப்பினார். நெடியவர்களுக்கு அது உடனே பொருந்தியது. குட்டையானவர்களுக்கோ கைப்பிடி மிக உயரத்தில் நின்றது. திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் உரசியது. செங்குத்துச் சரிவில் உடலைப் பின்னுக்குத் தள்ளினால் பின்சக்கரம் இருக்கைப்பகுதியைத் தேய்த்தது. இவர்களுள் பெண்கள் மிகுதி. நூற்றைம்பது சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கும், நூற்றுத் தொண்ணூறு சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் ஆணுக்கும் ஒரே சக்கரம் சிறந்தது என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்க முடியும்? பின்னர்ச் சில நிறுவனங்கள் சிறிய சட்டங்களில் 27.5 இஞ்சையும் பெரிய சட்டங்களில் 29 இஞ்சையும் பொருத்தத் தொடங்கியது காலம் தாழ்ந்த நல்லறிவு.

ஆனால், சந்தை அவ்வளவு பொறுமையாக இல்லை. 2014ஆம் ஆண்டின் மாதிரிகளில் ஜயன்ட் போன்ற பெருநிறுவனம் 27.5 இஞ்சுக்கு மாறியது. ஏனையவையும் இருபத்தாறைக் கைவிட்டன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளுக்கு உயர்தர டயரும் முன்ஃபோர்க்கும் கிடைப்பது அரிதாயிற்று. சட்டம் முறியவில்லை, ரிம் வளையவில்லை. ஆயினும் வண்டி பழையதாகிவிட்டது. இயற்பியல் தந்த இரண்டு பாகைக்காக நிகழ்ந்த மாற்றம் என்று இதை முழுவதும் நம்புவது கடினம்.

செங்குத்துச் சரிவுப் பந்தயம் நெடுநாள் தனித்து நின்றது. அங்கு 29 உதவாது என்றே கருதினர். 2017இல் தென்னாப்பிரிக்காவின் கிரெக் மின்னார், ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் பாதையில் 29 இஞ்சுச் சக்கரங்களுடன் உலகக்கோப்பைச் சுற்றை வென்றார், அவரும் நெடியவரே. இரு சக்கரங்களும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்ற விதியைப் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 2019இல் தளர்த்தியது. முன்னால் 29, பின்னால் 27.5 என்ற கலப்பு வண்டி களத்திற்கு வந்தது. கல்லை முதலில் சந்திக்கும் சக்கரம் பெரிது. உடலுக்கு அருகே சுழலும் சக்கரம் சிறிது. ஒரு தலைமுடி ஒப்பனையின் பெயரால் ‘மல்லெட்’ என்று அழைக்கப்படும் அவ்வகை வண்டியில் பிரான்சின் லொயிக் புரூனி அவ்வாண்டே கனடாவில் உலகச் சாம்பியன் ஆனார். இலண்டனில் 27.5 இஞ்சுடன் வெள்ளி பெற்ற ஷூர்ட்டரோ, பின்னாளில் 29 இஞ்சுக்கு மாறி வெற்றிகளைக் குவித்தார்.

மண்மேட்டிலிருந்து எம்பி, காற்றில் வண்டியைச் சுழற்றி, மறுமேட்டில் இறங்கும் தாவல் விளையாட்டில் மட்டும் இருபத்தாறு இன்றும் ஆட்சி செய்கிறது. அங்குக் கடக்க வேண்டிய கல் இல்லை. மேடுகளை மண்வெட்டியால் செதுக்கி மழமழப்பாக்கியிருக்கிறார்கள். இறங்கும் அதிர்ச்சியைத் தாங்கக் குட்டையான ஆரைக்கால்களும், அந்தரத்தில் உடல் சொன்னவுடன் திரும்பும் சிறிய சக்கரமுமே அங்கு வேண்டும்.