சாமியறைக் கதவும் மினுங்கலும்

போன கோடையில்தான் கண்டேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற எங்கள் சாமியறைக் கதவின் உட்பக்கம் பழுத்த மஞ்சளாய்க் கிடந்தது. 2016இல் நானே அடித்த வெள்ளைக் குளோஸ். குத்துவிளக்குப் புகை என்றேன். மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "புகையெண்டால் மேலைதானே பிடிக்கும்? அடிவரைக்கும் ஏன் மஞ்சள்?" என்று கேட்டா.

கேள்வி சரிதான். யன்னல் சட்டத்துக்கும் அதே பெயின்ற்தான், அது இன்னும் வெள்ளை. எண்ணெய்ப் பெயின்ற் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். விளக்கு பாவம்.

திரும்ப எதை அடிப்பது? செவன் கிங்ஸ் ஸ்ரேசன் திறந்தது 1899இல். எங்கள் வரிசை வீடுகளும் அந்தக் காலத்தை ஒட்டியவைதான். நூறு வருசத்து மரத்தில் இல்லாத பள்ளமில்லை. குளோஸ் அடித்தால் ஒவ்வொரு பள்ளமும் கண்ணாடி போட்டதுபோல் தெரியும். சற்றின் பாதிதான் மினுங்கும், பள்ளத்தை மறைக்கும், துடைக்கவும் வசதி. எக்ஷெல் அதைவிட மங்கல். தண்ணீரில் கரையும் சற்றின் என்று முடிவெடுத்தேன், அது இப்படி மஞ்சளாகாது.

ஆனால் பழைய எண்ணெய்க் குளோஸுக்கு மேல் அது அப்படியே ஒட்டாது, முதலில் உரஞ்ச வேண்டும். நானும் சான்ட் பேப்பரோடு தொடங்கிவிட்டேன். பேரப்பிள்ளை தவழுகிற வயது. அப்போதுதான் ஈயம் ஞாபகம் வந்தது. 1960களுக்கு முந்திய பெயின்ற்றில் அது நிறைய இருக்கும். சோதிக்கிற குச்சி வாங்கித் தேய்த்தேன், சிவந்தது. கை நடுங்கியது. பிள்ளையை மகளோடு அனுப்பிவிட்டு, தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். மிச்சத்தை, முகக்கவசம் போட்டு, தண்ணீர் தொட்டே உரஞ்சினேன்.

அம்மாவுக்குச் சற்றின் பிடிக்கவில்லை. "என்ன தம்பி, சாம்பல் பூசின மாதிரி?" ஊரில் அப்பா பொங்கலுக்கு முன்னம் கதவெல்லாம் மினுங்க மினுங்க அடிப்பார். 95 இடம்பெயர்வுக்குப் பிறகு திரும்பிப் போனபோது நிலைகூட இருக்கவில்லை, கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அம்மா அந்த வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு மறக்காது.

ஆகவே ஸ்கேர்ட்டிங், நிலை, மற்றக் கதவெல்லாம் சற்றின். சாமியறைக் கதவுக்கு மட்டும் தண்ணீர்க் குளோஸ். பழைய எண்ணெய்க் குளோஸ் அளவு மினுங்காது, கிட்டப் போனால் பிரஷ் கோடும் தெரியும். அம்மா கிட்டப் போகவில்லை. தூரத்தில் கதிரையில் இருந்து பார்த்து, "இப்பதான் கதவு மாதிரி இருக்கு" என்றா.