வேட்டை சீசன் முடிஞ்ச பிறகு

சைப்பிரஸில் வேட்டைநாய்கள் தெருவுக்கு வரும் மாதம் ஜனவரி. குளிர்கால வேட்டை நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து டிசம்பர் கடைசியில் முடிந்துவிடும். வாரத்தில் புதனும் ஞாயிறும்தான் வேட்டை நாள். முயல், கவுதாரி. அந்தச் சின்னத் தீவில் துப்பாக்கியோடு காட்டுக்குப் போகிறவர்கள் பல பத்தாயிரம் பேர், ஆளுக்கு இரண்டு மூன்று நாய்கள். சீசன் முடிந்ததும் அடுத்த நவம்பர் வரை அந்த நாய்களுக்குச் சும்மா சோறு போட வேண்டும். எல்லோரும் போடுவதில்லை.

இதெல்லாம் எனக்கு இணையத்தில் படித்துத் தெரிந்ததில்லை. எங்கள் சித்தி சொல்லித் தெரிந்தது. பிறகுதான் நான் தேடிப் படித்தேன்.

சித்தி பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 2017இல் ஒரு நாள் சம்பளம் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 730 ரூபாய், அதுவும் சொன்ன கிலோவை எடுத்தால். மகனுக்கு ஓ.எல். பரீட்சை, வீட்டில் நகைக்கடைச் சீட்டு, ஏஜென்சிக்காரர் வந்தார், சித்தி போனார். அங்கே ஒரு கிராமத்தில் நடக்க முடியாத வயசான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கையில் கிடைத்தது மாதம் 309 யூரோ. பாஸ்போர்ட் வீட்டுக்காரர் அலுமாரியில். வதிவிட அனுமதிக்கு அங்கே எல்லோரும் ‘பிங்க் சிலிப்’ என்று சொல்கிறார்கள். அது வேலை கொடுத்தவரின் பெயரோடு கட்டிப்போட்டது. வேலை போனால் பேப்பரும் போகும்.

வேலைப் பட்டியலில் நாய் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் மகன் வேட்டைக்காரர். வீட்டுக்குப் பின்னால் கம்பிக்கூட்டில் மூன்று நாய்கள். அவர் டவுனில் இருந்தார், நாய்கள் இங்கே இருந்தன. யார் தண்ணி வைப்பது? மிஞ்சின பாணும் மக்ரோனியும் வாளியில் கொண்டுபோய்ப் போட்டது சித்திதான். மூன்றில் ஒன்று வெள்ளையும் கபிலமுமாகப் புள்ளிபோட்ட பொயின்டர். அதற்கு வீட்டில் என்ன பெயர் என்று சித்திக்குக் கடைசிவரை தெரியாது. அவர் வைத்த பெயர் மணி. எங்கள் லயத்தில் பத்து நாய் இருந்தால் நாலுக்கு மணி என்றுதான் பெயர்.

மணிக்கு ஒரு குறை. வெடிச்சத்தத்துக்குப் பயம். வேட்டைநாய்க்கு அதைவிடப் பெரிய குறை கிடையாது. கால் நொண்டினால்கூட மோப்பத்துக்கு வைத்துக்கொள்வார்கள், சுட்டவுடன் திரும்பி வானுக்கு அடியில் போய் ஒளியும் நாயை என்ன செய்வது? 2019 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் மூன்று நாய்களையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டோடு வந்தார். சித்தி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் அவர் இல்லை.

மூன்று நாள் கழித்து பாண் வாங்கப் போகிற வழியில், கரோப் மரங்களுக்கு நடுவில், மணி நின்றது. கிட்ட வரவில்லை, ஓடவும் இல்லை. சித்தி ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணி கொண்டுபோனார். அடுத்த நாளும் போனார். அந்தக் கிராமத்துக் கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் லேடி ஒருத்தர் இருந்தார், நாய்க் காப்பகம் ஒன்றுக்கு உதவி செய்கிறவர். சைப்பிரஸில் இப்படி நிறையப் பேர் குடியேறியிருக்கிறார்கள், 1960 வரைக்கும் அது பிரித்தானியக் காலனி. சித்தி அவரைத் தேடிப்போய், தெரிந்த கிரேக்கத்திலும் இங்கிலீஷிலும் சொன்ன விசயம் இரண்டு. ஒன்று, நாய் நிற்கும் இடம். இரண்டு, “மை நேம் நோ சே மேடம்.”

நாய் விட்டுப்போன மனுசனின் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடும் படுக்கையும் பேப்பரும். இதை யோசித்துப் பார்த்தால் அந்த ஐஸ்கிரீம் டப்பா சின்ன விசயமில்லை என்று புரியும்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த லேடி சித்தியிடம் அப்பப்போ சொன்னார். முதலில் மிருக வைத்தியர் கழுத்துப் பக்கம் ஸ்கேன் பண்ணிப் பார்த்தார். மைக்ரோசிப் இல்லை, அதனால் சொந்தக்காரர் யார் என்று சட்டப்படி யாருக்கும் தெரியாது. (கிராமத்துக்கே தெரியும். அது வேறு.) புதுச் சிப் போட்டார்கள். அதன் பிறகு விசர்நாய்த் தடுப்பூசி. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது, ஏனென்றால் எந்த நாய்க்குப் போட்டது என்று நிரூபிக்க முடியாதே. ஊசி போட்டு 21 நாள் காத்திருக்க வேண்டும். இடையில் இரத்தப் பரிசோதனை. மத்தியதரைக்கடல் நாடுகளில் மணல் ஈ கடித்து நாய்களுக்கு லீஷ்மேனியா நோய் வரும், வெளியில் தெரியாமல் வருசக்கணக்கில் உள்ளே இருக்கும். அதை மறைத்து நாயைக் கொடுத்தால் எடுக்கிறவர் தலையில்தான் விடியும். எல்லாம் முடிந்ததும் பாஸ்போர்ட். நீலக் கலர் சின்னப் புத்தகம், ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்சத்திரங்களோடு.

பிளேனில் நாய் தனியாகச் சாமான் போலப் போனால் செலவு கூட. அதனால் விடுமுறை முடிந்து ஊருக்குத் திரும்புகிற டூரிஸ்ட் ஒருவரைப் பிடிப்பார்கள். அவருடைய டிக்கெட்டில் நாயைப் பதிவார்கள், காசு காப்பகம் கட்டும். அவர் செய்ய வேண்டியது விமான நிலையத்துக்குக் கொஞ்சம் நேரத்தோடு வந்து பேப்பரில் கையெழுத்துப் போடுவது மட்டும். அந்தப் பக்கம் எடுக்கிற குடும்பம் காத்திருக்கும். அதற்கு முன்பே அவர்களுடைய வீட்டுக்கு ஒருவர் நேரில் போய்ப் பார்த்திருப்பார்: வேலி எவ்வளவு உயரம், பகலில் யார் இருப்பார்கள், பூனை உண்டா. நாயை எடுக்கிறவர்கள் சில நூறு யூரோ கட்டுவார்கள். சித்தியின் ஒரு மாசச் சம்பளத்துக்குக் கிட்ட. மணி ஜெர்மனிக்குப் போனது.

இதே கதை ஸ்பெயினில் இன்னும் பெரிசாக நடக்கிறது. அங்கே கால்கோ என்று ஒரு ஒல்லி நாய், நம்ம சிப்பிப்பாறை நாய் மாதிரி நீண்ட முகம், முயல் துரத்தத்தான் வளர்ப்பார்கள். பெப்ரவரி வாக்கில் சீசன் முடிய, ரோட்டோரத்திலும் காப்பக வாசலிலும் அவை சேரும். 2023இல் ஸ்பெயின் ஒரு மிருக நலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வேட்டைநாய்களை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். வீட்டு நாய்க்குப் பாதுகாப்பு, வேலை செய்யும் நாய்க்கு இல்லை. கொடுமைக்கார மனுசன் ஒருத்தன் இருக்கிறான், அவன்தான் நாயை விடுகிறான் என்று பார்த்தால் இந்தச் சட்டம் விளங்காது. வேலைக்கென்று வைத்திருக்கும் உயிரின் கணக்கே வேறு. வேலை முடிந்தால் அது யாருடைய நாயும் இல்லை.

சித்தி இந்தக் கதையை முதல் தடவை எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து சொன்னபோது மாமா சிரித்தார். “நாயிக்கு ஒன்றரை மாசத்துல பாஸ்போர்ட். நமக்கு?”

சிரிக்கிற கேள்வி இல்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது எங்கள் ஆட்கள் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள், மிச்சப் பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். கடைசியாக எஞ்சினவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று சட்டம் வந்தது 2003இல். எங்கள் அம்மாச்சியின் அண்ணன் குடும்பம் எழுபதுகளில் பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் இந்தியா போனது. அந்தக் கோச்சியைப் பெரியவர்கள் அழுகைக் கோச்சி என்பார்கள். அவர்களுடைய நாய் ஸ்டேசன் வரைக்கும் பின்னாலேயே வந்ததாம். அதற்குப் பிறகு அது என்ன ஆனது என்று அம்மாச்சிக்கும் தெரியாது. கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மாமாவின் கேள்விக்கு நான் இதையெல்லாம் சேர்த்துப் பெரிய பதிலாகச் சொல்ல இருந்தேன். சித்தி முந்திக்கொண்டார். “நமக்குக் குடுக்காதவன் நாயிக்குக் குடுத்தவன் இல்ல அண்ணே. அது வேற ஆளு. நாயி நம்ம பேப்பர எடுத்துக்கிட்டா போச்சி?”

எனக்கு இதில் சேர்க்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் ஊவாவில் இருந்துகொண்டு வெளிநாட்டு வேட்டைநாயைப் பற்றிப் பேசினால் ஒரு பழைய கதையைத் தாண்டிப்போக முடியாது. பதுளை புனித மார்க் தேவாலயத்துக்குள் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் நினைவுக்கல் இருக்கிறது. 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுபவர், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். அதற்கு மூன்று வருசம் கழித்து சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேற இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தார், கூடவே ஒரு கூட்டம் ஃபொக்ஸ்ஹவுண்ட் நாய்கள். சுயஸ் கால்வாய் திறக்க இன்னும் இருபது வருசம் இருந்த காலம், ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அவர் எழுதிய வேட்டைப் புத்தகத்தில் மரையைத் துரத்திய கதையோடு, மரையும் காட்டுப்பன்றியும் சிறுத்தையும் அவருடைய நாய்களைக் கொன்ற கதையும் வருகிறது. அதே காலத்தில்தான் எங்கள் முன்னோர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைக்கு நடந்து வந்தார்கள், வழியிலேயே எத்தனையோ பேர் செத்தார்கள். ஹவுண்டுகளின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. நடந்து வந்தவர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? பேக்கர் மேல் எனக்குக் கோபம் வரும். அந்த நாய்கள் மேல் வராது. அவையும் கேட்டு வந்தவை இல்லை.

என் கோபம் வேறு ஒரு இடத்தில் இன்னும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். காப்பகங்கள் போடும் படங்களை நான் நிறையப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக நாய், பிறகு சோஃபாவில் அதே நாய். காப்பாற்றியவர், ஏற்றிவிட்டவர், எடுத்த குடும்பம், எல்லோருக்கும் நன்றி. அந்தக் கூட்டுக்கு ஒவ்வொரு நாளும் தண்ணி வைத்தது யார் என்று ஒரு படத்திலும் இல்லை. சைப்பிரஸ் வீடுகளில் இலங்கைப் பெண்கள், பிலிப்பைன்ஸ் பெண்கள், நேபாளப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். ஒரு நாய் காணாமல் போனதை முதலில் கவனிக்கிறவர்கள் வாளி தூக்குகிறவர்கள்தான். சித்தியிடம் சொன்னேன். “என் படத்தப் போட்டா என்ன அடுத்த பிளேன்ல அனுப்பியிருப்பாங்க, அதுவும் டிக்கெட் காசு புடிச்சிக்கிட்டு” என்றார்.

ஜெர்மனியில் மணிக்கு உடனே சொர்க்கம் கிடைத்துவிடவில்லை. படி ஏறத் தெரியாது, வீட்டுக்குள் இருந்து பழக்கமில்லை. கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டது. முதல் சில மாதம் கயிற்றை அவிழ்க்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள், ஒரு வெடிச்சத்தம் கேட்டால் எங்கே ஓடும் என்று தெரியாது. ஜெர்மனியில் டிசம்பர் 31 ராத்திரி தெருவெல்லாம் வெடி. அந்தக் குடும்பம் நாயோடு குளியலறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். லேடி அந்தப் படத்தைச் சித்திக்கு அனுப்பினார். பெயரை அவர்கள் மாற்றவில்லை. ‘மானி’ என்று கூப்பிடுகிறார்களாம். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றுதானே சித்தி கேட்டிருந்தார்.

2023இல் சித்தி திரும்பி வந்துவிட்டார். வந்து மூன்றாம் மாசம், மலையில் கான் ஓரத்தில் ஒரு நாயைக் கண்டார். வயிற்றில் பன்றிக் கொம்பு கிழித்த காயம். எங்கள் பக்கத்திலும் ராத்திரியில் பன்றிக்கு நாயோடு போகிறவர்கள் உண்டு. மாட்டிக்கொள்வோமோ என்று காயம்பட்ட நாயை மிருக வைத்தியரிடம் கொண்டுபோக அவர்கள் பயப்படுவார்கள். இங்கே சிப்பும் இல்லை, நீலப் புத்தகமும் இல்லை, காத்திருக்கும் டூரிஸ்டும் இல்லை. மிருகவதையைத் தடுக்க 1907இல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் ஒன்று இருக்கிறது, அதில் ஆகக்கூடிய தண்டப்பணம் 100 ரூபாய்.

சித்தி பிளேன்டியைக் குடித்துவிட்டு உரச் சாக்கில் நாயைத் தூக்கிப்போட்டு ஓட்டோ பிடித்தார். தையல் போட்டார்கள், ஊசி போட்டார்கள். வெலிமடையில் மரக்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சொந்தக்காரர் எடுக்கிறேன் என்றார். சித்தி விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அவருடைய வீட்டைச் சுற்றிப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், “பகல்ல யாரு இருக்கிறது?” என்று கேட்டார். அவர் கட்டிப்போட்டுத்தான் வளர்ப்பேன் என்றதும் பேசாமல் திரும்பி வந்துவிட்டார்.

இப்போது அது எங்கள் லயத்தில்தான் இருக்கிறது. பெயர் மணி இல்லை, ராணி. ஆள் என்றால் பாசம், கோழி என்றால் மட்டும் பழைய வேலை ஞாபகத்துக்கு வந்துவிடும். எட்டாம் காம்பரா அக்கா போன வாரமும் இறகோடு வந்து நின்றார். முட்டையிடுகிற கோழி, அதனால் இரண்டாயிரத்துக்குக் குறைய மாட்டேன் என்கிறார். சித்தி ஆயிரத்து ஐந்நூறு என்கிறார். இது மூன்றாவது கோழி.