கிணற்றடியில் திறந்த கொப்பி

சமூகவியல் பட்டத்தோடு வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சுன்னாகம் பக்கத்தில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச வேண்டிய விடயம் சுயதொழில் கடன். கடனைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. வயதான அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துத் தன் கிணற்றடிக்குக் கூட்டிச் சென்றார். வாளித் தண்ணீரின் மேல் வெயில் பட்டு நிறநிறமாக ஒரு படலம்.

"மணந்து பார் பிள்ளை. இந்தத் தண்ணியில என்னெண்டு உலை வைக்கிறது?"

போர்க்காலத்தில் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட குடாநாட்டுக்கு எண்ணெயில் இயங்கிய மின்பிறப்பாக்கிகளே வெளிச்சம் தந்தன. அவற்றின் கழிவு எண்ணெய்தான் நிலத்தடிக்கு இறங்கியிருந்தது. எங்களுடையது சுண்ணாம்புக்கல் நிலம். மேலே ஊற்றியது கீழே போகும். ஆறில்லாத ஊரில் கிணறும் போனால் பவுசரைத்தான் பார்த்திருக்க வேண்டும். குடங்களோடு காத்து நின்றவர்களில் ஆண்களை நான் அதிகம் காணவில்லை.

"முறைப்பாடு கொடுத்தீர்களா?" என்று கேட்டேன்.

"சொன்னனாங்கள்தானே!"

கிராம சேவையாளரிடம், சுகாதாரப் பரிசோதகரிடம், வந்து போன எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் ஒன்றுமில்லை. எப்போது தொடங்கியது என்றதற்கு, "மருமகளுக்குப் பிள்ளை பிறந்த மாதம்" என்றார் ஒருவர். நான் சிரித்துவிட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவருக்கு அதைவிட நிச்சயமான திகதி எது? அன்று ஒரு பாடசாலைக் கொப்பியில் எந்தக் கிணறு, எப்போது மணத்தது, யாரிடம் சொன்னது என்று எழுதத் தொடங்கினோம்.

மல்லாகம் நீதவான் நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவைக் கொண்டு சென்றவர் சுன்னாகத்தவர் அல்லர். சூழலியலாளரான ரவீந்திர காரியவசம். எங்கள் கிணற்றுக்காக ஒரு சிங்கள மனிதர் கொழும்பில் வழக்காடுகிறார் என்பதை அந்த அம்மாமார் முதலில் நம்பவேயில்லை. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற அடிப்படையில், மின்நிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது நீதிமன்றம். மேற்பார்வை செய்ய வேண்டிய அரச நிறுவனங்களும் கடமை தவறியதாகக் கண்டது.

செய்தியோடு அந்த அம்மாவிடம் போனேன். "காசு தந்தா கிணறு இறைக்கலாம். பழைய ருசி வருமோ?" என்றார். என்னிடம் பதிலில்லை.

சகோதரிகளே, கூட்டங்களில் நான் இப்போது மறக்காமல் சொல்வது காலக்கெடுவைத்தான். அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத்தொல்லையை நீக்கும்படி உள்ளூர் நீதவானிடமே கேட்கலாம். இவ்வளவையும் பட்டப்படிப்பில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை!

இப்போது வடக்கில் காற்றும் வெயிலும் மின்சாரமாகின்றன. எண்ணெயை விட எவ்வளவோ மேல் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 2025இல் மன்னார்த் தீவு மக்கள் காற்றாலைகளால் வெள்ளம் வடியாது என்று அஞ்சி வீதிக்கு இறங்கியபோது, "சுத்தமான மின்சாரத்துக்குமா எதிர்ப்பு?" என்று என் நண்பர்களே எரிச்சல்பட்டார்கள். எனக்கு வாளித் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. அன்றும் மின்சாரம் வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை.

அண்மையில் வேறொரு கிராமத்தில், காற்றாலைக்குக் காணி அளக்க வந்தார்கள் என்று ஒரு தங்கச்சி சொல்லத் தொடங்கினாள். பையிலிருந்து கொப்பியை எடுத்தேன்.

"எந்தத் திகதி?" என்றேன். அவளிடம் திகதி இருந்தது.